பதினோராம் ஷெட்டின் சைரன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நெட்வொர்க்கில் அடிக்கடி புழங்கும் வார்த்தைகளை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி நான் வேலை பார்த்த கம்பெனியில் கேட்டார்கள். ஐபி முகவரி, மேக் முகவரி, டிஎச்சிபி, பிங், சப்நெட், கேட்வே. எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. திருப்பிப் படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. போனில் தட்டினால் நொடியில் வந்து விழுகிற விஷயம் இது. இதைச் சொல்வதற்கு ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிற ஒரு பொம்பளை எதற்கு?

அதனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வார்த்தைகளில் நாலு, ஒரே காலையில் என்னை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேள்வி கேட்டன. அந்தக் கதையைச் சொல்கிறேன். வார்த்தைக்கு அர்த்தம் நடுநடுவே தானாக வரும். சப்நெட்டும் கேட்வேயும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அவற்றை நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் பாலிடெக்னிக் முடித்து, எண்ணெய் ஆலைகளுக்கும் பருப்பு மில்களுக்கும் கண்ட்ரோல் பேனல் போட்டுக்கொண்டிருந்தவள். அப்புறம் சிவகாசி அச்சகங்கள். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் என்னை ஒயரக்கா என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் காலத்தில் ஒரு மோட்டாருக்கு ஒரு ஒயர், ஒரு மணிக்கு ஒரு ஒயர். எது எதை ஓட்டுகிறது என்று சந்தேகம் வந்தால் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், மறுமுனையில் ஆள் நிற்பார். ஈதர்நெட் வந்த பிறகு அந்த நடை போய்விட்டது. எல்லாக் கருவிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. கட்டளை யாருக்கு என்பதை அதன் மேல் எழுதியிருக்கும் முகவரிதான் சொல்கிறது. அந்த எண்தான் ஐபி முகவரி. எண் மாறினால் ஆள் மாறிவிடும். இது எனக்குத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே இருபத்திரண்டு ஷெட். பட்டாசுத் தொழிற்சாலைக்குள் போயிராதவர்களுக்குச் சொல்கிறேன், அது பஞ்சாலை போல ஒரே கட்டடம் கிடையாது. கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் நிற்கும். ஒரு அறைக்கு நாலு பேர். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக அம்புட்டு இடைவெளி.

முந்தின கோடையில் அங்கே ஒரு ஷெட்டில் தீப்பிடித்தது. யாருடைய உயிரும் போகவில்லை. ஆனால் மொத்தத் தொழிற்சாலைக்கும் இருந்தது ஒரே ஒரு சைரன். சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சில பேர் தீ இருக்கும் பக்கமே ஓடியிருக்கிறார்கள். அப்படி ஓடிய ஒரு பெண்ணுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அவளுடைய அக்கா செல்லத்தாயும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தாள், பதினோராம் ஷெட்டில். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமலே சண்டை போடத் தெரிந்தவள்.

அதோடு தொழிற்சாலையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஷெட்டுக்கு ஒரு சைரன், ஷெட்டைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்ச ஒரு வால்வு, இரண்டையும் கேட்டுக்குப் பக்கத்து அறையிலிருந்து இயக்க வேண்டும். அதை அதிகாரி கண்ணால் பார்த்த பிறகுதான் திறக்க அனுமதி. அந்த வேலை எங்களுக்கு வந்தது. ஷெட்டுக்குள் மின்சாரம் போகக் கூடாது என்பதால், தள்ளி ஒரு கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு பெட்டி வைத்தோம். கட்டளையை வாங்கிச் சைரனையும் வால்வையும் இயக்குவது அந்தப் பெட்டி. கேட் பக்கத்து அறையில் ஒரு திரை, அதில் இருபத்திரண்டு பொத்தான். பதினொன்றைத் தொட்டால் பதினோராம் கம்பம் மட்டும் கத்தும். கத்துகிற இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம். அதாவது, சைரன் இடம் மாறிக் கத்தினால் அது கத்தாமலே இருப்பதைவிட மோசம். ஆட்களைத் தீக்குள்ளேயே விரட்டிவிடும்.

அதிகாரி வந்து பார்க்க நாள் குறித்தது, விஜயதசமிக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அன்றைக்குத் தேறினால் அன்றைக்கே வேலை தொடங்கும். தேறவில்லை என்றால் அடுத்த முறை அவர் வருவது தீபாவளி கழித்துத்தான். மாசக்கணக்கில் வேலை இல்லாமல், கிடைத்த இடத்தில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பதினோரு மணிதான் சீசன்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டிகள் அவற்றைச் செய்த கம்பெனியிலிருந்து வரும்போதே, முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி அமைத்து வந்தன. இதற்குத்தான் டிஎச்சிபி என்று பெயர். டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் கொடுப்பார்களே, அதேதான். அறையில் இருக்கும் ரூட்டர் வருகிற வரிசைப்படி டோக்கன் கொடுக்கும். முதலில் வந்தவருக்கு நூற்றியொன்று, அடுத்தவருக்கு நூற்றியிரண்டு. நாங்கள் கம்பம் கம்பமாக இணைப்புக் கொடுத்துக்கொண்டே போனதால் முதல் ஷெட்டுக்கு நூற்றியொன்று, இரண்டாம் ஷெட்டுக்கு நூற்றியிரண்டு என்று அச்சடித்த மாதிரி வந்தது. பதினோராம் ஷெட்டுக்கு நூற்றிப்பதினொன்று. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. அதை அப்படியே திரையில் எழுதிவிட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நிரந்தர முகவரி போட வேண்டும் என்று தெரியாமல் இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கியதால் எதுவும் ஒரு நொடிகூட அணையவில்லை. எத்தனையோ முறை சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அந்த அப்புறம் வரவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடப்பாரையிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒருநாள் முழுக்க ஓய்வு கொடுத்துவிடுவார்கள். முதலாளி, நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், பக்தியில் ஒரு படி மேலே. மெயின் சுவிட்சையே இறக்கி, அதற்கு ஒரு மாலை போட்டார். பேட்டரிக்கும் ஓய்வு. ரூட்டருக்கும் ஓய்வு. நான் பக்கத்தில் நின்று பொரியும் கடலையும் தின்றுகொண்டு, திரைக்கு என் கையாலேயே பொட்டு வைத்தேன். என் மூளைக்கும் அன்றைக்கு யாரோ மாலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

விஜயதசமி காலையில் தேங்காய் உடைத்து மெயினை ஏற்றினார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து இருபத்திரண்டு முகவரிக்கும் பிங் அடித்தேன். பிங் என்பது வாசலில் நின்று வீட்டில் ஆள் இருக்கா என்று கேட்பது. இருபத்திரண்டு வாசலிலிருந்தும் பதில் வந்தது. எல்லாம் உயிரோடு இருக்கிறது அண்ணாச்சி, நாளைக்கு அதிகாரி வரட்டும் என்று சொல்லிவிட்டு, இலை போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போனபோது ஷெட்டுகளைக் கூட்டிப் பெருக்க ஆட்கள் வந்திருந்தார்கள். செல்லத்தாய் அறை வாசலுக்கு வந்தாள்.

"ஒயரக்கா, எங்க ஷெட்டுச் சைரன ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க. காதால கேட்டுக்கிட்டாத்தான் மனசு ஒப்பும்."

"பதினோரு மணிக்கு ஆபீசர் முன்னாடி அடிக்கத்தான போறேன்?"

"அது அவருக்கு. இது எனக்கு."

சிரித்துக்கொண்டே, போய்க் கம்பத்துக்குப் பக்கத்தில் நில் என்றேன். அவள் போய்ச் சேர்ந்ததும் பதினொன்றைத் தொட்டேன். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. சைரன் கத்தியது. கத்தியது நாலாம் ஷெட்டில்.

அவள் பதினோராம் கம்பத்தடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள். "இங்கன கேக்கலையே! அந்தா, நாலுலயில்ல கத்துது!"

சைரனையும் நாலாம் ஷெட்டில் பீய்ச்சிய தண்ணீரையும் நிறுத்தினேன். அதற்குள் நடக்கக் கூடாத இன்னொன்று நடந்துவிட்டது. பட்டாசு ஊரில் சைரன் கேட்டால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். பதினோரு மணிச் சோதனையைப் பற்றி ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தோம். எட்டு மணியைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் கேட்டு முன்னால் கூட்டம். செருப்பில்லாமல் ஓடிவந்தவர்கள், சோற்றுக் கையோடு வந்தவர்கள். செல்லத்தாயின் வீட்டுக்காரர் வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் போய் முன்னால் நின்று, "ஒண்ணுமில்ல, நான் இங்கனதான் நிக்கேன்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்துக்கு அளவில்லை. நான் போட்ட பொத்தான்தானே அது.

என்ன நடந்தது என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. மெயினை இறக்கியதும், யாருக்கு எந்த டோக்கன் கொடுத்தோம் என்பது ரூட்டருக்கு மறந்துவிட்டது. மெயினை ஏற்றியதும் இருபத்திரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் டோக்கனுக்கு முண்டியடித்திருக்கின்றன. எது முந்தியதோ அதற்கு நூற்றியொன்று. நாலாம் ஷெட்டுக்கு நூற்றிப்பதினொன்று விழுந்திருக்கிறது. முதல்நாள் நான் இருபத்திரண்டு வாசலில் ஆள் இருக்கா என்று கேட்டேன், இருக்கிறோம் என்று பதில் வந்தது. எந்த வாசலில் எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை, பிங் சொல்லவும் சொல்லாது. பச்சை விளக்கும் பொய் சொல்லவில்லை. கட்டளையை வாங்கிய பெட்டி ஒழுங்காகத்தான் செய்துமுடித்தது. நான்தான் வேறு ஆளிடம் சொல்லியிருந்தேன்.

என் கூட வேலை பார்த்த ஜெயபால் கெட்டிக்காரன். பத்து வருட அனுபவம். விஷயம் புரிந்ததும் ஒரு வழி சொன்னான்.

"அக்கா, எல்லாத்தையும் அணைச்சுருவோம். மொதல் தடவ மாதிரியே ஒண்ணாம் நம்பர்லருந்து ஒவ்வொண்ணா ஏத்துவோம். டோக்கன் வரிசையா விழுந்துரும். அரை மணி நேர வேல. ஆபீசர் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் நிதானமா உக்காந்து சரி பண்ணுவோம்."

அண்ணாச்சி வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, மாசக்கணக்காக இருந்த தப்பு என்றேன். அவர் முகம் வாடிப்போனது.

"ஏம்மா, பூசை போட்டதாலயா இப்புடி ஆச்சு?"

"பூசை போட்டதாலதான் அண்ணாச்சி தெரிஞ்சுச்சு. இல்லன்னா, என்னைக்கோ ஒரு மழ நாள்ல பேட்டரி தீந்து எல்லாம் அணைஞ்சு திரும்ப வந்திருக்கும். அன்னைக்குத் தீயும் பிடிச்சிருந்தா?"

ஜெயபால் தன் வழியை அவரிடமும் சொன்னான். "ஜெயபால் சொல்றது நல்லாத்தான இருக்கு. மொதல்ல ஆபீசர அனுப்பிட்டு அப்புறம் பாருங்களேன்."

நேரம் எட்டு நாற்பது. ஜெயபாலின் வழியில் போனால் தேறிவிடுவோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிகாரி எந்தப் பொத்தானைத் தொட்டாலும் சரியாகக் கத்தும். அவர் போனதும் எண்பத்தெட்டு பேர் வெடிமருந்தோடு உள்ளே உட்காருவார்கள். சரியான வழியில் போனால் பதினோரு மணிக்குள் முடியுமா என்று தெரியாது. முடியாவிட்டால் இத்தனை பேரின் தீபாவளி என் தலையில் விடியும். இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்க்கிற நிதானம் எனக்கு இருந்ததாகப் பெருமையடிக்க மாட்டேன். அப்புறம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எரிச்சல்தான் வந்தது. அந்த அப்புறத்தை நம்பித்தானே இந்த நிலைமைக்கு வந்தேன்.

"முடியாது அண்ணாச்சி. பதினோரு மணிக்குள்ள சரியா செய்றேன். செய்ய முடியலன்னா ஆபீசர்ட்ட நானே உண்மையச் சொல்லுறேன். நீங்க என்னத் திட்டிக்கோங்க."

"திட்டி என்னம்மா செய்ய? செய்ங்க" என்றார். அந்த மனுஷனுக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

சரியான வழி இதுதான். ஐபி முகவரி வந்து போகும். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் செய்த இடத்திலேயே கொடுத்த அடையாளம் ஒன்று உண்டு. அதுதான் மேக் முகவரி. பன்னிரண்டு எழுத்து, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்தது. அணைத்தாலும் ஏற்றினாலும் மாறாது. டோக்கன் மாறும், முகம் மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முகம் வந்தால் இந்த டோக்கனை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று ரூட்டரில் எழுதி வைத்துவிடலாம். அதற்கு எந்த முகம் எந்த ஷெட்டில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். சைரனை ஒவ்வொன்றாக அடித்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் ஊரை இன்னொரு தரம் ஓடவைக்க என்னால் முடியாது. வேறு வழிகளும் உண்டு. உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அன்றைக்கு என் கைக்கு எட்டியது பெட்டி மேல் ஒட்டியிருந்த லேபிள்தான்.

லேபிளைப் பார்க்கப் போனால் அங்கே லேபிள் இல்லை. பட்டையாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தது. சாம்பல் நிறப் பெட்டியில் வெள்ளையாகத் தெரிந்த ஒரே இடம் அந்த லேபிள்தான். பூசியவர்களுக்கு அதுதான் நெற்றி என்று தோன்றியிருக்கிறது. இருபத்திரண்டு பெட்டிக்கும் இதே அலங்காரம். இரண்டு நாள் காய்ந்த சந்தனம், சும்மா தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ஈரத்துணி போட்டு ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். நானும் ஜெயபாலும் கம்பம் கம்பமாகப் போனால் மத்தியானம் ஆகிவிடும். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் போட்டோ எடுத்து அனுப்பவும் வழியில்லை.

செல்லத்தாய் என் பின்னாலேயே நின்றிருந்தாள். "என்னத்தப் படிக்கணும்?" என்று கேட்டாள்.

"இங்கிலீஷ் எழுத்து, செல்லத்தாயி."

"எத்தன எழுத்து?"

அந்தக் கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மேக் முகவரியில் ஒன்பது வரை எண் வரும், ஏ முதல் எஃப் வரை ஆறே ஆறு எழுத்து வரும். அதற்கு மேல் எதுவும் கிடையாது. முதல் பாதி எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான், செய்த கம்பெனி ஒன்று என்பதால். கடைசி ஆறு இடம் மட்டும் போதும். ஆறு எழுத்தைப் பார்த்து வரைய யாருக்குத்தான் தெரியாது?

கூட்டிப் பெருக்க வந்தவர்களைச் செல்லத்தாய் வரவழைத்தாள். சரவெடி லேபிள் கட்டு ஒன்று இருந்தது, ஒரு பக்கம் மயில் படம், மறுபக்கம் வெள்ளை. மயிலுக்குப் பின்னால் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்தையும் பெரிசாக எழுதிக் காட்டினேன். ஷெட்டுக்கு இரண்டு பேர். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க ஒருத்தர், எழுத ஒருத்தர். மேலே ஷெட் நம்பர், கீழே கடைசி ஆறு. சாமி பொட்டை அழிக்க ஒரு பெரியவர் தயங்கினார். செல்லத்தாய் அவரைப் பார்த்து, "பூசைதான் முடிஞ்சுபோச்சே. முகங்கழுவி விட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குக் காலையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மயில் படம் போட்ட தாள்கள் வரத் தொடங்கின. ஓடக் கூடாது என்பது தொழிற்சாலை விதி, அதனால் எல்லாரும் வேகவேகமாக நடந்து வந்தார்கள். ஜெயபால் வாசிப்பான், நான் ரூட்டரில் இருந்த, டோக்கன் வாங்கிய முகங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அடிப்பேன். தப்பாக எழுதியிருந்தால் பட்டியலில் இருக்காது, உடனே தெரிந்துவிடும். ஒரு பாட்டி கோலம் போடுகிற கையால் எழுதியிருந்த எண் அச்சடித்த மாதிரி இருந்தது. பத்து மணிக்குப் பதினாலு. பத்தேகாலுக்குப் பத்தொன்பது. பத்து முப்பத்தைந்துக்கு இருபத்தொன்று. மிச்சம் ஒன்று, பதினோராம் ஷெட். செல்லத்தாய் கொண்டுவந்த தாள். அந்த எண் பட்டியலில் இல்லை.

"மிச்சம் இருக்குறது ஒண்ணுதானக்கா" என்றான் ஜெயபால். "பட்டியல்ல ஒண்ணு, ஷெட்டுல ஒண்ணு. அதத் தூக்கி இதுல போட்டுருவோம். கணக்கு சரியாத்தான் வரும்."

கணக்கு சரிதான். மற்ற இருபத்தொன்றும் சரியாக இருந்தால் அதுவும் சரி. ஆனால் முந்தின நாள் இருபத்திரண்டு பதில் வந்ததை நம்பி ஏமாந்தவள் நான். பார்க்காமல் போட மனசு வரவில்லை. எழுந்து பதினோராம் கம்பத்துக்கு நடந்தேன். விதியை மீறி ஓடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியை நனைத்து இன்னொரு தரம் ஒற்றினேன். எட்டு என்று தெரிந்த இடத்தில் குங்குமம் கோடு விட்டிருந்தது. அது போனதும் கீழே பி தெரிந்தது. பட்டியலில் மிச்சமிருந்ததும் அதேதான்.

அறை வாசலுக்கு வரும்போதே "பி!" என்று கத்தினேன். ஜெயபால் அடித்தான். நான் நேராகக் கம்பங்களுக்குப் போகும் மின் இணைப்பை அணைத்து ஏற்றப் போய்விட்டேன். பெட்டிகள் புதிதாக டோக்கன் வாங்கின. பட்டியலில் இப்போது ஒவ்வொரு முகத்துக்கும் அதன் இடம் சரியாக இருந்தது. வெளியே அதிகாரியின் வண்டிச் சத்தம் கேட்டது.

அவர் அதிகம் பேசாத மனிதர். பேனாவையும் தாளையும் மேசையில் வைத்துவிட்டு, "ஒன்பது" என்றார். தொட்டேன். ஒன்பதாம் ஷெட் கத்தியது, தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சியது. "இருபது" என்றார். இருபது கத்தியது. "நாலு" என்றார். நாலு, நாலிலேயே கத்தியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"சார், ஒரு நிமிசம்."

செல்லத்தாய். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலைல ஒருக்கா எங்க ஷெட்டுக்கு அடிச்சது நாலுல கத்துச்சு. பூசைக்கு மெயின எறக்குனதால மாறிப்போச்சுன்னு ஒயரக்காவே சொன்னாக. இப்பச் சரி பண்ணியிருக்காக, நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னொருக்கா மெயின எறக்கி ஏத்திக் காட்டச் சொல்லுங்க. எறக்கி ஏத்தியும் எங்க ஷெட்டுலயே கத்துனாத்தான் நான் உள்ள போவேன். எந்தங்கச்சி கையப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "செய்யலாமாம்மா?"

அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது. ஒரு நொடி. அடுத்த நொடியே, இவள் கேட்பதைத்தானே நான் பல மாசத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது.

"எறக்குங்க" என்றேன். "பேட்டரியையும் எடுத்துருங்க."

மெயின் இறங்கியது. காற்றாடி நின்றது, திரை கறுத்தது, ரூட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ரூட்டரில் ஒரு பட்டியலை எழுதுவது வேறு, அதைச் சேமிப்பது வேறு. எழுதினால் உடனே வேலை செய்யும், ஆனால் சேமிக்காமல் ரூட்டரை அணைத்துவிட்டால் மறந்துவிடும். கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டு நான் இணைப்பை ஏற்றப் போய்விட்டேனே, சேமித்தேனா? நான் சேமிக்கவில்லை. அது நிச்சயம். ரூட்டர் செத்துக் கிடந்தது. இனி எதுவும் செய்வதற்கில்லை.

மெயினை ஏற்றினார்கள். ரூட்டர் எழுந்துவர இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் செல்லத்தாய் நிதானமாக நடந்து பதினோராம் கம்பத்தடிக்குப் போனாள். அவள் கூட வேலை பார்க்கிற மூன்று பெண்களும் பின்னாலேயே போனார்கள். நாலு பேரும் கம்பத்தைப் பார்த்து நின்றார்கள். திரை வெளிச்சமானது. அதிகாரி, "பதினொன்று" என்றார்.

தொட்டேன்.

பச்சை விளக்கு எரிந்தது. அதை நான் பார்க்கவே இல்லை, காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன். பதினோராம் ஷெட் கத்தியது. பதினோராம் ஷெட் மட்டும். தண்ணீர் எழும்பி வெயிலில் விழுந்தது. தள்ளி நிற்கத் தெரியாமல் நாலு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் போட்ட கூச்சலில் சைரன் சத்தமே அமுங்கிப்போனது.

ஜெயபால் என் காதருகே குனிந்தான். "நீங்க இணைப்ப ஏத்தப் போனப்ப நான் சேவ் அடிச்சிட்டேன்க்கா. ரெண்டு தடவ அடிச்சேன்." அவனை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்து அழுதேன். அதிகாரி முன்னால், முதலாளி முன்னால், வெட்கமில்லாமல்.

செல்லத்தாய் சேலையைப் பிழிந்துகொண்டே அறைக்குத் திரும்பி வந்தாள். நேராக அதிகாரியின் மேசைக்குப் போனாள். அவர் மூடி வைத்திருந்த பேனாவை எடுத்து ஈரக் கையாலேயே அவரிடம் நீட்டினாள்.

"இப்பக் கையெழுத்துப் போடுங்க சார். நாங்க உள்ள போறோம்."